கியரா, ஆட்டோமேட்டிக்கா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 11 ஆண்டுகளாகக் கியர் கார்தான் ஓட்டுகிறேன். இப்போது வண்டி மாற்ற வேண்டும். இடது முழங்காலில் தேய்மானம். நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து, வீட்டுக்கு வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிகிறது.

ஆட்டோமேட்டிக்கிலும் எத்தனை வகை! ஏஎம்டி என்பது உள்ளே அதே கியர்பெட்டிதான். கிளட்சை நம் காலுக்குப் பதிலாக மோட்டார் இயக்குகிறது. ஓட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தலை லேசாக முன்னே சாய்ந்தது. சிவிடியில் கியர்ப் படிகளுக்குப் பதில் பெல்ட்டும் இரண்டு கப்பிகளும் என்பதால் அந்தக் குலுக்கல் இல்லை. ஆனால் முந்திச் செல்ல அழுத்தினால் முதலில் என்ஜின் இரைகிறது, பிறகுதான் வேகம் வருகிறது. கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக என்ஜின் விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வண்டியை இன்னும் ஓட்டவில்லை.

மேட்டில் நின்று கிளம்பும்போது ஏஎம்டி பின்னால் உருள்கிறதா? சிவிடியில் 1,00,000 கிலோமீட்டர் தாண்டியவர்கள் உண்டா? எண்ணெய் மாற்றியது தவிர வேறு பெரிய செலவு வந்ததா?

மலைப்பாதை இறக்கத்தில் இரண்டாம் கியரில் வண்டி அடங்கி இறங்கும் சுகத்தை விட எனக்கு மனமில்லை. ஆட்டோமேட்டிக்கில் அது கிடைக்கிறதா என்பதையும் எழுதுங்கள். முழங்கால் வலியால் மாறியவர்கள் அவசியம் பதில் சொல்லுங்கள். இந்த மாதத்திற்குள் முடிவெடுக்க வேண்டும்.