மறு: எக்ஸ்போர்ட்டுக்கு ‘ஏற்றுமதி’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

வரைபட மென்பொருளில் ‘எக்ஸ்போர்ட்’, அதாவது வரைந்ததை வேறு வடிவக் கோப்பாக எடுப்பது; அதற்கு நம் கையேட்டில் என்ன தமிழ்ச்சொல் போடுவது என்று பதினேழு மடல் ஓடிவிட்டது. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளை மலாயில் படித்துவிட்டுச் சந்தேகத்தைத் தமிழில் கேட்பவர்கள். போன வாரம் அங்கே நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பையன் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையின் பம்புக்கு மூடித் தகடு வரைந்தான். அகலம் 160 மில்லிமீட்டர், ஆறு போல்ட் துளை. தகடு வெட்டும் கடையில் டிஎக்ஸ்எஃப் (வேறு மென்பொருளும் படிக்கும் வரைபடக் கோப்பு வடிவம்) கேட்டார்கள், அதுவும் பழைய ஆர்12 பதிப்பில்; எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினான். எண் மில்லிமீட்டரா அங்குலமா என்று சொல்ல அந்த வடிவத்தில் இடமில்லை. கடை இயந்திரம் அங்குலம் என்று எடுத்துக்கொண்டு தகட்டை 4064 மில்லிமீட்டருக்கு விரித்துவிட்டது. ஸ்ப்ளைன் என்ற வழவழப்பான வளைகோடு அடுத்த பதிப்பான ஆர்13-இல்தான் வந்தது. அதனால் ஓரத்து வளைவு சின்னச் சின்ன நேர்கோடுகளாக நொறுங்கியிருந்தது. தமிழில் எழுதிய குறிப்பெல்லாம் கேள்விக்குறி.

அப்புறம் அவன் செய்ததுதான் என்னை எழுதவைத்தது. அனுப்பிய கோப்பையே திறந்து, அளவைச் சுருக்கி, வளைவை ஒட்டி, இரவு ஒரு மணிவரை உட்கார்ந்து சரிசெய்தான். மறுநாள் ஆலையில் ஒரு துளையின் இடத்தை மாற்றச் சொன்னார்கள். மூல வரைபடத்தில் மாற்றி மறுபடி எக்ஸ்போர்ட் செய்தான். அதே பெயரில் போய் விழுந்து, முந்தின இரவு வேலை முழுக்க அழிந்தது.

கிள்ளான் அண்ணன் ‘ஏற்றுமதி’யை விடமாட்டேன் என்கிறார். அதன் ‘மதி’ எங்கிருந்து வந்தது என்று நான்கு மடல் போனது. தெலுங்கில் எகுமதி, திகுமதி. மலையாளத்தில் கயற்றுமதி, இறக்குமதி. ருசியான விவாதம், நானும் நள்ளிரவுவரை அகராதி புரட்டினேன். ஆனால் அண்ணே, துறைமுகத்தில் கப்பலேறிய எண்ணெய் அந்தக் கரையிலும் அதே எண்ணெய்தான். வரைபடம் அப்படியில்லை. அலகு, வளைவு, எழுத்து என்று ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டுப் போகிறது. மூலமோ நம்மிடமே இருக்கிறது. இந்த இரண்டையும் ‘ஏற்றுமதி’ சொல்லவில்லை.

தைப்பிங் அக்கா, எக்ஸ்போர்ட் என்றே எழுதுங்கள் என்கிறீர்கள். ரப்பரைக் குறிக்கும் மலாயின் கெத்தா நம் வாயில் கித்தாவானது, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு யாரும் தனித்தமிழ் தேடவில்லை என்பதும் உண்மை. என் பாட்டி கடைசிவரை கித்தா மரம் என்றுதான் சொன்னார். ஆனால் அதே தோட்டத்தில்தான் செம்பனை என்ற தமிழ்ச் சொல்லும் வாழ்கிறது. நல்ல சொல்லைக் கொடுத்தால் நம் மக்கள் எடுத்துக்கொள்வார்கள்.

என் யோசனை இது: செயலுக்குப் பெயர் தேடுவதை நிறுத்துவோம், கோப்புக்குப் பெயர் வைப்போம். முதல்நூல், வழிநூல் என்று நம் மரபிலேயே பிரிவு இருக்கிறது. மொழிபெயர்ப்பையும் வழிநூல் வகை நான்கில் ஒன்றாகத்தான் தொல்காப்பிய மரபியல் வைக்கிறது. டிஎக்ஸ்எஃப்பும் ஒரு மொழிபெயர்ப்புத்தானே? வரைந்தது முதற்கோப்பு, அதிலிருந்து பிறந்தது வழிக்கோப்பு. “வழிக்கோப்பில் கை வைக்காதே, முதற்கோப்பைத் திருத்தி மறுபடி எடு” என்று கரும்பலகையில் எழுதினேன். அந்தப் பையனே மற்றவர்களுக்கு விளக்கினான்.

பினாங்கு ஐயாவின் மறுப்பு கனமானது. கணினியில் கோப்பு இருக்கும் இடத்தையே (ஃபைல் பாத்) ‘கோப்பு வழி’ என்கிறோம். வழிக்கோப்பு என்றால் குழம்பாதா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. முதற்கோப்பா முதல்கோப்பா என்ற புணர்ச்சிச் சண்டையை மட்டும் இப்போது வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணிப் பார்த்தேன்: ஏற்றுமதிக்கு ஆறு பேர், அதற்கு மாற்றாக வந்த ‘புறவாக்கம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பேர், எக்ஸ்போர்ட்டுக்கு அக்கா ஒருவர். சரி, செயலுக்கு ஏற்றுமதி என்றே அச்சிடுகிறேன், மனம் ஒப்பாமல்தான். வழிக்கோப்பையும் சேர்க்கிறேன். ‘வழி’ இல்லாமல் அதே பொருள் தரும் சொல் யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.