பழைய 80 ஜிபி, புதிய 4 டிபி: இரண்டையும் அளந்து பார்த்தேன்

பரண் மேலிருந்த பழைய கணினியைப் போன வாரம் கீழே இறக்கினேன். உள்ளே ஒரு 80 ஜிபி ஐடிஇ (பழைய வகை இணைப்பு) ஹார்ட் டிஸ்க். 7200 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று. அகலமான ரிப்பன் கேபிள், ஒரே கேபிளில் இருக்கும் இரண்டு டிஸ்க்கில் எது முதல் என்று குறிக்கும் மாஸ்டர் ஸ்லேவ் ஜம்பர் (குட்டிச் செருகி) எல்லாம் அப்படியே இருந்தன. பவர் கொடுத்ததும் கீச்சென்று சுழன்று எழுந்துவிட்டது. அதிலிருந்த படங்களை எடுத்து முடித்த பிறகு, தினமும் பயன்படுத்தும் 4 டிபி சாட்டா (ஐடிஇக்குப் பின் வந்த இணைப்பு) டிஸ்க்கோடு ஒப்பிட்டால் என்ன என்று தோன்றியது. அதுவும் 7200 ஆர்பிஎம்தான்.

பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கவிட்டால் போட்டியே இல்லை. பழையது நொடிக்கு 50 எம்பி, புதியது 190 எம்பி. டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டின் வெளிவிளிம்பில் கிடைத்த வேகம் இது. உள்ளே போகப் போக இரண்டுமே பாதிக்குப் பக்கத்தில் இறங்கின. உள்வட்டத்தின் சுற்றளவு சின்னது, ஒரு சுற்றில் படிக்கும் தலைக்கு அடியில் ஓடும் தகவலும் குறைவு.

அப்புறம்தான் வேடிக்கை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதைப் படிக்கச் சொன்னேன். பழையது சராசரியாக 13 மில்லிசெகண்ட் எடுத்தது, புதியது 12. எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று மூன்று தடவை ஓட்டினேன். அதே எண்தான்.

யோசித்தால் வேறு எப்படி இருக்க முடியும்? நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் தலைக்கு அடியில் வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதாவது 4.17. தலையைத் தாங்கும் கை, தகவல் இருக்கும் வட்டத் தடத்துக்கு நகர இன்னொரு எட்டு, ஒன்பது. தட்டில் பிட்டுகளை நெருக்கி எழுதக் கற்றுக்கொண்டார்கள், வேகம் கூடியது அதனால்தான். மோட்டாரும் கையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நொடிக்கு 80 தாவல் என்று வையுங்கள், தாவலுக்கு 4 கேபி. 320 கேபி ஆகிறது. 190 எம்பி என்று பீற்றிக்கொள்ளும் டிஸ்க்கின் லட்சணம் இது. ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் கணினி ஏன் முழிக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இன்னொன்று. முழு டிஸ்க்கையும் ஒரு தடவை படித்துச் சோதிக்க, பழையதற்கு 35 நிமிடம் பிடித்தது. புதியதற்கு ஏழரை மணி நேரம். (ஏழரை என்றாலே இழுக்கத்தானே செய்யும்.)

* * *

உங்கள் பதிவைப் படித்தேன், உங்களுக்காவது 190 எம்பி வந்தது. நான் பேக்கப்புக்காக வாங்கிய 8 டிபியின் கதையைக் கேளுங்கள். முதல் அரை மணி நேரம் பறந்தது. பிறகு 10 எம்பி, நடுநடுவே பூஜ்யம். கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அது எஸ்எம்ஆர் வகை என்று தெரிந்தது. கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறிக் கிடக்கும். ஒன்றைத் திருத்தினால் அதையடுத்து வரிசையாக உள்ளவற்றையும் திரும்ப எழுதியாக வேண்டும். அந்தச் சிரமம் தெரியாமலிருக்க, வருவதை முதலில் தனியாக ஒதுக்கிய பகுதியில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அது நிரம்பியதும் குட்டு உடைந்துவிடும். பெட்டியின் மேல் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. படிப்பதில் குறையில்லை என்பதால் பேக்கப்புக்கே வைத்திருக்கிறேன், ஆனால் ரெய்டில் (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் அமைப்பு) மட்டும் போட மாட்டேன்.

* * *

உங்கள் இருவரின் கதையையும் படித்தேன், புதியதுதான் வேகம் என்பதற்கு என் அனுபவம் நேர் தலைகீழ். பழைய கணினியில் புது 1 டிபியைப் போட்டேன், முன்பிருந்த 160 ஜிபியைவிட மெதுவாக எழுதியது! திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். காரணம் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்து வைக்கும் பகுதி. டாஸ் காலத்துப் பழக்கப்படி அந்தக் கணினியின் இயங்குதளம் 63ஆவது செக்டாரில் (தகவலை எழுதும் சின்னத் துண்டு) பார்ட்டிஷனைத் தொடங்கியிருந்தது. புது டிஸ்க்குகளில் உண்மையான செக்டார் 4096 பைட், வெளியே மட்டும் 512 என்று சொல்லிக்கொள்ளும். அதாவது எட்டு பழைய செக்டார் சேர்ந்தது ஒரு புது செக்டார். 63 எட்டால் வகுபடாதே. ஒவ்வொரு 4 கேபியும் இரண்டு செக்டாரில் காலை அகட்டி நிற்க, ஒன்றை எழுத இரண்டையும் படித்துத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. 2048இல் தொடங்கும்படி பார்ட்டிஷனை மாற்றியதும் சரியாகிவிட்டது.

* * *

80 ஜிபியையும் 4 டிபியையும் அளந்தவன் நான்தான், உங்கள் பதில்களில் ஓடு விவகாரம் படித்ததும் பதறி என் 4 டிபியின் மாடல் விவரத்தைத் தேடிப் பார்த்தேன். நல்லவேளை, எஸ்எம்ஆர் இல்லை. பார்ட்டிஷனும் 2048இல்தான் தொடங்குகிறது. இயங்குதளத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டேன். அங்கே நகரக் கையும் இல்லை, சுழலத் தட்டும் இல்லை. 4 டிபி இனி படங்களுக்கும் வீடியோவுக்கும் மட்டும்.

கையோடு இரண்டின் ஸ்மார்ட் விவரத்தையும் (டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் பதிவு) பார்த்தேன். பழுதாகி மாற்றப்பட்ட செக்டார் எண்ணிக்கை, புதியதில் 8. அந்த 80 ஜிபியில் பூஜ்யம். ஜம்பர் தொலையாமல் இருக்க அதன் மேலேயே டேப் போட்டு ஒட்டி, மறுபடி பரணில் ஏற்றிவிட்டேன்.