திறந்த வெர்மூத் போத்தலைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் ஒரு ஹோட்டல் பாரில் வேலைக்கு நேர்முகத் தேர்வு. கொக்டெயில் கலக்கப் பழகட்டும் என்று இத்தாலியிலிருந்து வந்த அத்தான் ஒரு சிவப்பு வெர்மூத் போத்தல் தந்தார். திறந்து மூன்று கிழமை. சாராயம் மாதிரித்தானே என்று குசினித் தட்டிலேயே வைத்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது: இது வைன். கசப்பான வேர்ம்வுட் செடியும் வேறு மூலிகைகளும் ஊறி, கொஞ்சம் மதுசாரமும் சேர்ந்தது. திறந்தால் குளிரில் இருக்க வேண்டும், காற்றுப் பட்டால் சுவை போய்விடும். எங்கள் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்!

நேற்று நெக்ரோனி என்ற கொக்டெயில் கலந்தேன். ஜின், கம்பாரி (கசப்பான சிவப்பு இத்தாலிய மது), வெர்மூத் மூன்றும் தலா 30 மில்லி, நிறைய ஐஸ், மேலே தோடம்பழத் தோல் ஒரு கீற்று. நிறம் அருமை. ஆனால் மூலிகை வாசம் அடங்கி, நுனிநாக்கில் ஒரு புளிப்பு.

பாதிப் போத்தல் மிச்சம் இருக்கிறது, இப்போது பிரிட்ஜில். இன்னும் பாவிக்கலாமா? சின்னப் போத்தல்களில் விளிம்புவரை நிரப்பி வைத்தால் தாங்குமா? ஜின்னுக்குப் பதிலாகப் பனஞ்சாராயம் ஊற்றிப் பார்த்தவர்கள் இருந்தால் அளவையும் சொல்லுங்கள். தேர்வில் எங்கள் பனையின் சுவையை ஒரு கிளாஸில் வைக்க எனக்குப் பெரிய ஆசை.