முழு நிதியுதவியுடன் கலாநிதிப் பட்ட ஆய்வு: எங்கே தேடுவது?

கேள்வி (ஹட்டன்):
பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு இரசாயனவியல் சிறப்புப் பட்டம் முடித்துள்ளேன். அம்மா கொழுந்து பறித்த சம்பளத்தில் படித்த எனக்குக் கட்டணம் செலுத்தி ஆய்வு செய்ய வழியில்லை. முதுமாணிப் பட்டமின்றி விண்ணப்பிக்க முடியுமா?

பதில் 1 (கண்டி):
முடியும் தங்கச்சி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, நான்கு ஆண்டுப் பட்டத்துடனேயே கலாநிதி ஆய்வுக்குச் சேர்த்துக்கொண்டு, கற்பித்தல் உதவியாளர் பணிக்கு ஈடாகக் கட்டண விலக்கும் மாதாந்தக் கொடுப்பனவும் வழங்குகின்றன. பெரும்பாலும் டிசம்பரில் விண்ணப்பம் முடிவதால் இப்போதே தொடங்குங்கள். விண்ணப்பக் கட்டணத்தையும் விலக்கித் தருமாறு கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். ஐரோப்பாவின் மேரி கியூரி ஆய்வுத் திட்டங்களுக்குப் பொதுவாக முதுமாணிப் பட்டம் வேண்டும், ஆனால் அங்கே ஆய்வாளர் சம்பளம் பெறும் ஊழியராகவே அமர்த்தப்படுகிறார்.

பதில் 2 (பதுளை):
ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலுள்ள தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். வீட்டைவிட்டுத் தூரம் போக முடியாவிட்டால், ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் ஆய்வு உதவியாளர் வெற்றிடங்களைக் கவனியுங்கள். எங்கு விண்ணப்பித்தாலும், பேராசிரியரின் அண்மைக் கட்டுரையொன்றை வாசித்து, அதைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா, அக்கா. இன்றிரவே முதற் கடிதத்தை எழுதுகிறேன்.