ரேடியேட்டர் மாற்றியாச்சு, கூலன்ட் கணக்கு இடிக்கிறது

மதுரை_ஹேட்ச்பேக்:
1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். பிளாஸ்டிக் டேங்கும் அலுமினிய கோரும் (நடுவிலுள்ள குழாய்-தகடு பகுதி) சேரும் மடிப்பில் பச்சையாகப் பூத்து ஒழுகியதால் ரேடியேட்டர், மேல்-கீழ் ஹோஸ், கிளிப் எல்லாம் புதிது வாங்கினேன். வண்டிக் கையேட்டில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர். கீழ் ஹோஸைக் கழற்றினால் 3 லிட்டர்தான் வந்தது. துருநிறமாக இருந்ததால் குழாய்த் தண்ணீர் விட்டு அலசினேன். இனி கான்சென்ட்ரேட்டையும் (தண்ணீர் சேர்க்காத கூலன்ட்) தண்ணீரையும் 50:50 கலந்து ஊற்றினால் போதும்தானே?

ஸ்பானர்_14:
போதாது. மீதி 2 லிட்டர் இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் (வண்டிக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) நிற்கிறது. நீங்கள் அலசியதால் அது இப்போது வெறும் தண்ணீர். 50:50 கலவை 3 லிட்டர் ஊற்றினால் உள்ளே போகும் கான்சென்ட்ரேட் 1.5 லிட்டர், அதாவது 30%தான். நம்ம ஊரில் உறைபனி பயமில்லை. ஆனால் துருத்தடுப்பு மருந்து நீர்த்துப்போகும். கான்சென்ட்ரேட் 2.5 லிட்டரை அப்படியே முதலில் ஊற்றுங்கள், மீதி இடத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். ஏற்கெனவே தண்ணீர் கலந்த ரெடிமிக்ஸ் வாங்கியிருந்தால் இந்தக் கணக்கு நடக்காது. அதற்கு முன் கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள். குழாய்த் தண்ணீர் உப்பு உள்ளே தங்கினால் புது கோரையும் அரிக்கும்.

கீழ்_ஹோஸ்:
பழைய ஹோஸ் இன்ஜின் பக்கம் ஒட்டியிருந்தால் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள், தெர்மோஸ்டாட் (சூடேறினால் திறந்து கூலன்டுக்கு வழிவிடும் வால்வு) ஹவுசிங் கழுத்து உடையும். எப்படியும் புதுசு போடப்போகிறீர்கள், பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றியே வேலை செய்யுங்கள். சூடான வண்டியில் ஃபேன் திடீரென்று ஓடும். ஏசி கண்டென்சர் ரேடியேட்டரோடு மாட்டியிருந்தால் பைப்பைத் தொடாமல் கேபிள் டையால் மேலே கட்டித் தொங்கவிடுங்கள். கீழே உள்ள ரப்பர் புஷ் பழைய ரேடியேட்டரோடு குப்பைக்குப் போய்விடும், பார்த்து எடுத்து வையுங்கள்.

ஸ்பானர்_14:
கூலன்ட் ஊற்றும்போது உள்ளே சிக்கும் காற்றை எடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குளிர்ந்த இன்ஜினை, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஐடிலில் ஓட்டுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, ஹோஸ்களை அமுக்கிவிடுங்கள். இரண்டு ஹோஸும் சூடாகி ஃபேன் ஒருமுறை ஓடி நின்றால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. மூடியைப் போட்டு, முழுக்க ஆறியதும் ரேடியேட்டர் மட்டத்தையும் ரிசர்வ் டேங்கையும் பாருங்கள். ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. அப்போது டாஷ்போர்டு வெப்பநிலை முள்ளை நம்ப வேண்டாம். சென்சார் காற்றில் நின்றால் இன்ஜின் கொதித்தாலும் முள் கீழேயே இருக்கலாம்.

மதுரை_ஹேட்ச்பேக்:
ரேடியேட்டர் வாயில் காற்றுக் குமிழி வருவது நிற்கவே இல்லை என்றால்?

கீழ்_ஹோஸ்:
ஃபேன் இரண்டு மூன்று முறை ஓடிய பிறகும் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்பு) சந்தேகியுங்கள். வண்டியை ஓட்டாமல், கூலன்டில் எரிபுகை கலக்கிறதா என்று பார்க்கும் கேஸ் லீக் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். வாளியில் பிடித்த பழைய கூலன்டை வாசலில் வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துவிடும்.