படத்தில் இருப்பது வீனஸ்தானா? எதை வைத்து முடிவு செய்வது?

செவ்வண்ணம் (கேள்வி):

ஐரோப்பிய ஓவியங்களுக்குத் தமிழில் படக்குறிப்பு எழுதுகிறவர்களிடம் கேட்கிறேன். ஆடையில்லாத பெண் என்றாலே 'வீனஸ்' (ரோமானியக் காதல் தெய்வம்) என்று எழுதிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. டிஷியனின் 'உர்பினோ வீனஸ்' படத்தில் க்யூபிட் (வீனஸின் மகன், சிறகுள்ள சிறுவன்) இல்லை, சிப்பி இல்லை, புறாவும் இல்லை. ஒரு படுக்கையறை, தூங்கும் நாய்க்குட்டி, பின்னால் பெட்டியைத் துழாவும் வேலைக்காரிகள், அவ்வளவுதான். ஜார்ஜோனேயின் 'தூங்கும் வீனஸ்' படத்தில் அதுகூட இல்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும், எது ஏமாற்றும்? கூடவே ஒன்று: க்யூபிடை 'மன்மதன்' என்று எழுதலாமா?

கித்தான்:

உடம்பை விட்டுவிட்டுப் படத்தின் ஓரங்களைப் பாருங்கள். ஓவியர்கள் அடையாளத்தைப் பெரும்பாலும் அங்கேதான் வைப்பார்கள். உர்பினோ வீனஸின் வலக்கையில் ரோஜாக் கொத்து இருக்கிறது, பூ ஒன்று படுக்கையிலும் கிடக்கிறது. பின்னால் சன்னல் விளிம்பில் ஒரு தொட்டியில் மிர்ட்டில் என்ற பசுமைமாறாச் செடி. ரோஜா, மிர்ட்டில் இரண்டும் வீனஸுக்கு உரியவை. சின்ன அளவில் பதிவேற்றிய படத்தில் அந்தத் தொட்டி வெறும் கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானது. 1538இல் இதை வாங்கிய குயிதோபால்தோ தன் கடிதத்தில் 'ஆடையில்லாத பெண்' என்றுதான் குறிப்பிடுகிறார். வீனஸ் என்று அச்சில் எழுதியவர் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி, அதுவும் அந்த நூலின் 1568 பதிப்பில். ஆகவே படக்குறிப்பில் 'உர்பினோ வீனஸ் என்று அறியப்படும் ஓவியம்' என்று போடுவது பாதுகாப்பு.

ஜார்ஜோனே படத்தில் சிக்கல் வேறு. டிரெஸ்டனில் உள்ள அந்தப் படத்தில் காலடியில் ஒரு க்யூபிட் இருந்தது. 1525இலேயே மிக்கியேல் என்ற வெனிஸ்காரர் அதைக் குறித்து வைத்திருக்கிறார். நிலக்காட்சியையும் க்யூபிடையும் டிஷியன் முடித்தார் என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதி சிதைந்துபோனதால் 19ஆம் நூற்றாண்டில் மேலே வண்ணம் பூசி மூடிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் உருவம் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் 'க்யூபிட் இல்லாத வீனஸ்' என்று எழுதிவிடாதீர்கள்.

எதிர்த்திசையிலும் தப்பு நடக்கிறது. பொட்டிச்செல்லியின் 'ப்ரிமவேரா' படத்தில் வீனஸ் முழு ஆடையோடு நடுவில், சற்றுப் பின்வாங்கி நிற்கிறாள். அவளைச் சுற்றி இலைகள் வளைவாக ஒதுங்கி ஒளிவட்டம் மாதிரி ஆகிவிடுவதால் மாதா என்று நினைப்பவர்கள் உண்டு. பூப்போட்ட ஆடைக்காரியை வீனஸ் என்று எழுதுபவர்களும் உண்டு, அவள் பூக்களின் தெய்வம் ஃப்ளோரா. நடுவில் நிற்பவளின் பின்னால் மிர்ட்டில் புதர், தலைக்கு மேலே கண் கட்டிய க்யூபிட். இந்த இரண்டும் போதும்.

மையொற்றி:

கித்தான் சொன்னதோடு சில பொறிகள்.

சிப்பியை மட்டும் நம்ப வேண்டாம். ரோமில் ஃபர்னெசினா மாளிகைச் சுவரில் ரஃபேல் வரைந்த பெண்ணும் சிப்பிமேல்தான் நிற்கிறாள், ஆனால் அவள் கலாட்டியா என்ற கடல் தேவதை. சிப்பியை டால்பின்கள் இழுக்கின்றன, கடிவாளம் அவள் கையில். பொட்டிச்செல்லியின் 'வீனஸின் பிறப்பு' படத்தில் சிப்பிமேல் நிற்கும் வீனஸ் எதையும் ஓட்டுவதில்லை. காற்று ஊதிக் கரை சேர்க்கிறது.

கையால் மார்பையும் இடுப்புக்குக் கீழேயும் மறைக்கும் நிலையும் அப்படித்தான். பழைய சிலைகளிலிருந்து வந்த வீனஸ் நிலை என்பது சரி. ஆனால் ஃப்ளோரன்ஸின் பிரங்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோ வரைந்த, ஏதேனை விட்டுத் துரத்தப்படும் ஏவாளுக்கும் அதே கைகள்தான். முகத்தைப் பாருங்கள்: வாய் பிளந்து கதறுகிறாள்.

ஆப்பிள் இன்னும் மோசம். ஏவாளுக்கும் ஆப்பிள், பாரிஸ் என்ற ட்ரோய் இளவரசன் அழகிக்கு ஆப்பிள் கொடுத்த தீர்ப்பில் வென்ற வீனஸுக்கும் ஆப்பிள். மூத்த கிரானாக் இரண்டு பேரையும் ஏறக்குறைய ஒரே உடலமைப்பில் வரைவார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் 1525ஐ ஒட்டிய அவருடைய வீனஸ் ஆப்பிள் மரத்துக் கிளையை ஒரு கையால் பிடித்து நிற்கிறாள். மரத்தை மட்டும் பார்த்தால் ஏவாள் என்றே எழுதுவீர்கள். தலையைப் பாருங்கள்: இறகு செருகிய அகலமான சிவப்புத் தொப்பி, கழுத்தில் நகை. கனி தின்பதற்கு முந்தைய ஏவாளுக்கு ஏது தொப்பி? பக்கத்தில் தேனடையை வைத்துக்கொண்டு க்யூபிட் தேனீ கொட்டியதைச் சொல்லி அழுகிறான், மேலே அதைப் பற்றிய லத்தீன் வரிகள். (கிரானாக்குக்கு இந்தக் குறும்பு பிடிக்கும், வேண்டுமென்றேதான் குழப்புகிறார் என்பது என் எண்ணம்.)

வெள்ளிமீன்:

மன்மதன் கேள்விக்கு: வேண்டாம். வீனஸுக்கு க்யூபிட் மகன். ரதிக்கு மன்மதன் கணவன். 'ரதியும் மன்மதனும்' என்று போட்டால் தாயும் பிள்ளையும் கணவன் மனைவி ஆகிவிடுவார்கள். ப்ரொன்சினோவின் 1545ஐ ஒட்டிய படத்தில் இது பெரிய தவறு. அங்கே க்யூபிட் தாயையே முத்தமிடுகிறான், படத்தின் நெருடலே அதுதான். மன்மதன் என்று எழுதினால் அந்த நெருடல் காணாமல் போய் இரண்டு காதலர்கள் படமாகிவிடும்.

இன்னொரு பெயர்க் குழப்பம்: லூவரில் இருக்கும், 1820இல் மீலோஸ் தீவில் கிடைத்த சிலை கிரேக்கச் சிலை. வழக்கமான பெயர் 'வீனஸ்' என்றாலும் விளக்கத்தில் வீனஸின் கிரேக்கப் பெயரான 'அஃப்ரோடைட்டி' என்று வர வேண்டும்.

செவ்வண்ணம்:

நன்றி, மன்மதனை எடுத்துவிடுகிறேன். கண்ணாடி இருந்தால்? வெலாஸ்கெஸ் வீனஸ் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள். 'கண்ணாடியில் தன் அழகை ரசிக்கும் வீனஸ்' என்று எழுதியிருக்கிறேன்.

மையொற்றி:

கண்ணாடி வீண்பெருமைக்கும் விவேகத்துக்கும்கூட அடையாளம். இங்கே அதைத் தாங்கிப் பிடித்திருப்பவனுக்குச் சிறகு இருப்பதால்தான் அவள் வீனஸ். அவனை எடுத்துவிட்டால் வெறும் பெண்தான்.

'தன் அழகை ரசிக்கும்' என்பதை அடித்துவிடுங்கள். கண்ணாடியில் அவள் முகம் நமக்குத் தெரிகிறது என்றால், அதே பாதையில் அவளுக்கு நம் முகம்தான் தெரியும், அவள் முகம் தெரியாது. ஒருவரைக் கண்ணாடி முன் உட்காரவைத்துப் பின்னால் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: அவர் முகம் உங்களுக்குத் தெரிந்த கணத்தில் 'உன்னைத்தான் பார்க்கிறேன்' என்பார்.

அளவும் ஒத்துவராது. தலை நம்மிடமிருந்து 2 மீட்டர், கண்ணாடி தலைக்கு அப்பால் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிரதிபலிப்புக்கு ஒளி வரும் தூரம் 3+1, அதாவது 4 மீட்டர். முகம் தலையில் பாதியளவே தெரிய வேண்டும். வெலாஸ்கெஸ் அதைக் கிட்டத்தட்ட தலை அளவுக்கே வரைந்து, உருவத்தை மங்கலாக விட்டிருக்கிறார். அத்தனை கவனமான கைக்குக் கணக்கு தெரியாமல் போயிருக்காது.

'க்யூபிட் பிடித்த கண்ணாடி வழியே நம்மைப் பார்க்கும் வீனஸ்' என்று மாற்றுங்கள்.