நான்கு இரவு வேலை, நான்கு இரவு ஓய்வு: 28 நாள் விடுப்பு எனக்கு மட்டும் 20 ஷிப்டாகக் குறைந்தது எப்படி?

கேள்வி: லெஸ்டர் இரவுப்பறவை

வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரண்டு ஆண்டுகளாக இரவு ஷிப்டில் பணியாற்றுகிறேன். நான்கு இரவுகள் வேலை, அடுத்த நான்கு இரவுகள் ஓய்வு என்று ரோட்டா (பணி அட்டவணை) சுழல்கிறது. ஒரு ஷிப்ட் 12 மணி நேரம்; அத்தனை மணிக்கும் சம்பளம் உண்டு. அடிப்படை ஊதியம் மணிக்கு 13 பவுண்டு, அதன்மேல் இரவுப்படி மணிக்கு ஒன்றரைப் பவுண்டு. ஆள் பற்றாக்குறையால் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஓவர்டைமாக ஒரு ஷிப்டும் செய்கிறேன்.

இதே இல்லத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு, பேங்க் ஹாலிடேக்களையும் (பொது விடுமுறை நாட்கள்) சேர்த்து, ஆண்டுக்கு 28 நாள் விடுப்பு தருகிறார்கள். எனக்கோ 20 ஷிப்டுகள் மட்டுமே. மேலாளரிடம் கேட்டபோது, கணக்குப்படி 19.6 தான் வரும் என்றும், அதை 20 ஆக்கித் தருவதே சலுகை என்றும் சொல்லிவிட்டார். இரவு வேலை பார்ப்பவளுக்கு எட்டு நாள் விடுப்பைக் குறைப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. கிறிஸ்துமஸ் இரவிலும் வேலைக்குச் சென்றேன். அதற்குத் தனியாக ஒரு பென்னிகூடத் தரவில்லை.

இன்னொன்று, சிறிய விஷயந்தான்: சென்ற மாதம் நான்கு ஷிப்டுகளுக்கு விடுப்பு எடுத்தேன். அந்த நான்கிற்கும் வழக்கமாக வருவதைவிட 72 பவுண்டு குறைவாக வந்திருந்தது. நான் வேலை தந்த நிறுவனத்தின் பொறுப்பில் கிடைத்த ஸ்பான்சர்ஷிப் விசாவில் இருப்பதால் எதையும் அழுத்திக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ரோட்டாக்காரன்

ஒரு கிடங்கில் பத்தாண்டுகளாக ரோட்டா தயாரிக்கும் பணியில் இருக்கிறேன். இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் யாராவது ஒருவர் என்னிடம் கொண்டுவருவார். உங்கள் மேலாளர் நாள் கணக்கில் உங்களை ஏமாற்றவில்லை. 1998ஆம் ஆண்டின் பணிநேர ஒழுங்குவிதிகள் ஊழியருக்குத் தரச் சொல்வது 28 நாள் அன்று, 5.6 வாரம். வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு ஐந்தை 5.6ஆல் பெருக்கினால் 28 வருகிறது. அந்த எண்ணிக்கைதான் எல்லோர் வாயிலும் நின்றுவிட்டது. உங்கள் சுழற்சியில் எட்டு வாரங்களுக்கு, அதாவது 56 நாட்களுக்கு, 28 ஷிப்டுகள் வருகின்றன. ஆகவே வாரச் சராசரி மூன்றரை ஷிப்ட். அதை 5.6ஆல் பெருக்கினால் 19.6. இதைக் கீழே தள்ளி 19 ஆக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

மணிக்கணக்கில் பார்த்தால் உங்கள் மனக்குறை இன்னும் தணியும். 19.6 ஷிப்ட் என்பது 235 மணி நேரத்துக்குச் சற்று மேல். நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை பார்க்கும் அலுவலகக்காரரின் 28 நாள் 224 மணி நேரந்தான். அதுமட்டுமன்றி, நான்கு ஷிப்டுகளை ஒரு தொகுதியாக எடுத்தால், முன்னும் பின்னும் உள்ள ஓய்வு நாட்களோடு சேர்ந்து தொடர்ச்சியாகப் பன்னிரண்டு நாள் கிடைக்கும். 20 ஷிப்டை வைத்து ஆண்டுக்கு ஐந்து முறை அப்படி எடுக்கலாம். ஊருக்குப் போய்வருவதற்கு இதைவிட வசதியான ரோட்டா நான் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் பற்றி: பேங்க் ஹாலிடே அன்று விடுப்போ கூடுதல் ஊதியமோ தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே கேட்கலாம். இணையத்தில், வேலை செய்த மணி நேரத்தில் 12.07 சதவீதம் விடுப்பு என்றொரு கணக்கைப் பார்த்திருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். அது 2024 ஏப்ரல் 1 அன்றும் அதன் பின்னரும் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளில், நிலையான பணிநேரம் இல்லாதவர்களுக்கும் ஆண்டின் ஒரு பகுதி மட்டும் வேலை பார்ப்பவர்களுக்கும் உரியது.

பதில் 2: கணக்குப்பிள்ளை

சம்பளப் பட்டியல் தயாரிப்பது என் தொழில். மேலே நண்பர் சொன்ன நாள் கணக்கு சரி. ஆனால் சகோதரி, நீங்கள் சிறிய விஷயம் என்று கடைசியில் சொன்ன அந்த 72 பவுண்டில்தான் உண்மையான குறை இருக்கிறது. நான்கு ஷிப்ட் 48 மணி நேரம். அதை ஒன்றரைப் பவுண்டால் பெருக்கினால் சரியாக 72. விடுப்பு நாட்களுக்கு இரவுப்படியை விட்டுவிட்டு அடிப்படை ஊதியத்தை மட்டும் தந்திருக்கிறார்கள்.

விடுப்பு எடுத்தால் வருமானம் குறையும் என்ற நிலை இருந்தால் யாரும் விடுப்பே எடுக்கமாட்டார்கள் என்பதுதான் இந்தச் சட்டத்தின் அடிப்படை எண்ணம். ஓவர்டைமை விடுப்பு ஊதியத்தில் சேர்ப்பது பற்றி 2014இல் பேர் ஸ்காட்லாந்து வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 ஜனவரி 1 முதல் அந்தக் கொள்கை ஒழுங்குவிதிகளிலேயே எழுதப்பட்டுவிட்டது. 5.6 வாரங்களில் நான்கு வாரங்களுக்கு, செய்யும் வேலையோடு பிரிக்க முடியாதபடி இணைந்த படிகளும், கடந்த 52 வாரங்களில் வழக்கமாகக் கிடைத்துவந்த ஓவர்டைமும் விடுப்பு ஊதியத்தில் சேரவேண்டும். சராசரி எடுக்கும்போது சம்பளமே இல்லாத வாரங்களை ஒதுக்கிவிட்டு, அதிகபட்சம் 104 வாரம் வரை பின்னோக்கிப் போகலாம். எஞ்சிய 1.6 வாரத்துக்குக் குறைந்த அளவில் தர இடம் உண்டு. ஆனால் உங்கள் இரவுப்படி ஒப்பந்தத்திலேயே நிலையாக எழுதப்பட்டிருந்தால் அந்த வாரங்களுக்கும் அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். நான்கு வாரம் என்பது 14 ஷிப்ட். ஒரு ஷிப்டின் இரவுப்படி 18 பவுண்டு. ஆக 252 பவுண்டு. ஓவர்டைம் ஷிப்டுக்கும் இதே விகிதம் என்று கொண்டால் அதற்கு 174 பவுண்டு. இரு வாரங்களுக்கு ஒன்று என்பதால் வாரச் சராசரி 87, நான்கு வாரத்துக்கு 348. இரண்டையும் கூட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 பவுண்டு. இல்லாத எட்டு நாளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், இருக்கும் 600 பவுண்டு கையைவிட்டுப் போயிருக்கிறது.

போகிற போக்கில் இன்னொன்று: வாரம் 42 மணி நேரத்தோடு அந்த ஓவர்டைமும் சேர்ந்தால் சராசரி சரியாக 48. அதற்குமேல் வேலை வாங்க உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும்; ஆகையால் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

லெஸ்டர் இரவுப்பறவை

இருவருக்கும் மிக்க நன்றி. மேலாளரை வீணாகச் சந்தேகித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே அடுத்த பதிலைப் படித்தேன். பாதிச் சந்தேகம் திரும்பிவிட்டது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். "விடுப்புக் காலத்தில் அடிப்படை ஊதியம் மட்டுமே வழங்கப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது, அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. இனி ஒன்றும் செய்வதற்கில்லையா? கேட்டால் விசாவுக்கு இடைஞ்சல் வருமா?

பதில் 3: முன்னாள் சங்கக்காரர்

அந்த வரிக்கு அஞ்ச வேண்டாம். சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமையை ஒப்பந்தத்தால் குறைக்க முடியாது. நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும் அந்த அளவுக்கு அது செல்லாது.

விசா பற்றி உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன். சட்டப்படியான உரிமையைக் கேட்டதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால், அவர் எத்தனை நாள் வேலை பார்த்திருந்தாலும் அது நியாயமற்ற பணிநீக்கமாகவே கருதப்படும். ஆனால் தொழிலாளர் வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் நீங்கள் வெல்வது வேறு, விசா நிலைப்பது வேறு. ஸ்பான்சர் செய்த வேலை போய்விட்டால் புதிய ஸ்பான்சரைத் தேடுவதற்குப் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். எனவே முதல் கடிதத்தைப் புகாராக எழுதாமல் விளக்கம் கேட்பதாக எழுதுங்கள். சென்ற மாதச் சம்பளச் சீட்டை இணைத்து, விடுப்பு ஊதியம் எப்படிக் கணக்கிடப்பட்டது, இரவுப்படி ஏன் சேரவில்லை என்று மின்னஞ்சலில் கேட்டாலே போதும். என் அனுபவத்தில் பாதிக்குமேல் இது கணினியில் பழைய அமைப்பை மாற்றாமல் விட்டதால் வரும் தவறு, கேட்டதும் திருத்திவிடுவார்கள்.

திருத்தாவிட்டால் காலத்தைத் தாழ்த்தாதீர்கள். தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன், வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் அகாஸ் அமைப்பின் நடைமுறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைசியாகக் குறைத்துத் தந்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிவதற்குள் அதைச் செய்துவிடுங்கள். அவர்களுடைய ஆலோசனைத் தொலைபேசிச் சேவை இலவசம். தொடர்ச்சியாகக் குறைத்துத் தந்திருந்தால் இரண்டு ஆண்டுவரை பின்னோக்கிக் கேட்கலாம். இரண்டு குறைப்புகளுக்கு இடையே மூன்று மாதத்துக்குமேல் இடைவெளி இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று முன்பு வாதிடுவார்கள். 2023இல் வட அயர்லாந்துக் காவல்துறை சம்பந்தப்பட்ட அக்னியூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே இந்த இரண்டு ஆண்டுகளின் சம்பளச் சீட்டுகளையும் ரோட்டாக்களையும் இன்றைக்கே உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கணக்கில் மட்டும் வைத்திருந்தால், கேள்வி கேட்டபின் அதைத் திறக்க முடியும் என்பதற்கு உறுதியில்லை.